ஏப்ரல் வெயிலில் பார்த்த வீடு

2022 ஏப்ரல் கடைசியில், உச்சி வெயிலில்தான் மடிப்பாக்கத்தில் அந்த வீட்டை முதன்முதலாகப் பார்த்தோம். வெளியே அனல் அடித்தது. உள்ளே காலை வைத்ததும் தரை ஜில்லென்று இருந்தது. "குளிர்ச்சியான வீடு மேடம், ஏசியே தேவைப்படாது" என்றார் புரோக்கர். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலில் இப்படியும் அப்படியும் நடந்து பார்த்தாள். முட்டி வலிக்காரி. மாடி ஏற முடியாது, லிஃப்டை நம்பவும் மாட்டாள். தரையோடு இருக்கும் தனி வீடாகத் தேடி ஒன்றரை வருஷம் அலைந்திருந்தோம். அம்மா முகத்தில் அன்றைக்குத் தெரிந்த நிம்மதியைப் பார்த்ததும் மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். நான் செய்த முதல் தப்பு அது.

இதை இப்போது எழுதக் காரணம், வீடு வாங்கும்போது எனக்கு எல்லாரும் பத்திரத்தைப் பற்றித்தான் சொன்னார்கள். வில்லங்கச் சான்று முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பார், தாய்ப்பத்திரம் கேள், பட்டா யார் பேரில் இருக்கிறது பார். எல்லாம் பார்த்தேன். வக்கீலுக்குப் பணம் கொடுத்து ஒப்பீனியன் வாங்கினேன். தரையைப் பார், கதவின் அடியைப் பார் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அப்பா இல்லை, தம்பி மஸ்கட்டில். ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கிற நான் தனியாகத்தான் ஓடினேன். விலை 78 லட்சம். அதில் 50 லட்சம் வங்கிக் கடன், மீதி அப்பாவின் ரிட்டயர்மென்ட் பணமும் என் நகையும். அப்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம். (2023 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள்.) பிடிக்கவில்லை என்று மறு வருஷமே விற்றாலும் அந்தப் பணம் திரும்பி வராது. அதனால்தான் பத்திரம் பதிவதற்கு முன்னால் பார்க்க வேண்டியதை முன்னாலேயே பார்த்துவிட வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன்.

அன்றைக்கு என் கண்ணில் பட்டவற்றை அப்படியே சொல்கிறேன். வீடு முழுக்கப் புதுப் பெயின்ட். ஹாலில் சாம்பிராணி வாசனை. ஹால் சுவரில் நாலடி உயரத்துக்கு மர நிறத்தில் டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். அழகுக்காக என்று நினைத்தேன். சமையலறை மேடை தாழ்வாக இருந்தது. அம்மா குள்ளம், "எனக்குன்னே கட்டின மாதிரி இருக்குடி" என்று சந்தோஷப்பட்டாள். ப்ளக் பாயின்ட் எல்லாம் சுவரில் இடுப்புக்கு மேலே இருந்தது. குனிய வேண்டாம், நல்லதுதான் என்று தோன்றியது. படுக்கையறைக் கதவின் அடிப்பாகத்தை அறுத்திருந்தார்கள். அறுத்த இடத்தில் வார்னிஷ் இல்லாமல் வெளுப்பாக மரம் தெரிந்தது. மொட்டை மாடிக்குப் போகும் வெளிப்படியில் முதல் படி மட்டும் பாதி உயரம்தான், ஏறும்போது கால் தடுமாறியது. இத்தனையையும் கண்ணால் பார்த்தேன். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஜூனில் பத்திரம் பதிந்தோம், ஆவணியில் பால் காய்ச்சினோம். அக்டோபர் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. நவம்பர் மழை இரண்டு நாள் விடாமல் பிடித்த பிறகுதான் ஆரம்பித்தது. முதலில் கண்டுபிடித்தவள் அம்மா. "ஏண்டி, ஈரத் துணியை எங்கேயாவது சுருட்டி வெச்சுட்டியா? ஒரு முட வாடை வருது" என்றாள். வீடு பூராவும் தேடினேன், எதுவும் இல்லை. ஒரு வாரம் கழித்து, ஹால் டைல்ஸ் முடிகிற நாலடிக்கு மேலே பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. விரலால் தொட்டால் உடைந்து, உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளையாக உப்பு. நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. சின்ன அறையில் மரப்பலகை மாதிரி லேமினேட் தரை போட்டிருந்தார்கள். அதன் ஓரங்கள் தூக்கிக்கொண்டு, நடந்தால் டக் டக்கென்று அடித்தன. மர பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்த அம்மாவின் பட்டுப் புடவைகளில் கறுப்புப் புள்ளி. டிசம்பரில் அம்மாவுக்கு வீசிங் வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டு வாடைதான் காரணம் என்று டாக்டர் ஒன்றும் எழுதித் தரவில்லை. ஆனால் வீட்டில் பூஞ்சை இருக்கிறதா என்று அவர் கேட்ட முதல் கேள்விக்கு, இருக்கிறது என்று சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்துவிட்டது.

அவசரத்தில் அடுத்த தப்பைச் செய்தேன். ஜனவரியில் ஒரு பெயின்ட் கடைக்காரர் சொன்ன ஆட்களைக் கூப்பிட்டேன். உப்பைச் சுரண்டி, ஓதம் (சுவரில் ஊறி ஏறும் ஈரம்) தடுக்கும் பெயின்ட் என்று இரண்டு கோட்டு, மேலே பட்டி, அதற்கு மேலே கலர். 38,000 ரூபாய். வேலை முடிந்த அன்றைக்குச் சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது. அடுத்த மழைக்கு அந்தப் பெயின்ட் தோல் உரிகிற மாதிரி ஒரே பாளமாகக் கையோடு வந்தது. தண்ணீர் சுவருக்குப் பின்னாலிருந்து வந்தால் முன்பக்கம் எதைப் பூசினாலும் அது தள்ளிக்கொண்டுதான் வரும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் சுவரில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. காலை மின்சாரம் போய்விட்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். வாசல்படிக்கு மணல் மூட்டை வைத்து அடைத்துவிட்டு, தண்ணீர் உள்ளே வரவில்லை என்று கொஞ்சம் தைரியமாக இருந்தேன். பத்து மணி இருக்கும், ஹாலின் நடுவில் இரண்டு டைல்ஸ் சேரும் கோட்டில் சின்னதாக ஒரு முத்து மாதிரி தண்ணீர் நின்றது. துணியால் துடைத்தேன். மறுபடியும் அதே இடத்தில் முத்து. பிறகு சுவரடியில் ஸ்கர்ட்டிங் பட்டை ஒட்டிய கோடு முழுக்கக் கசிந்தது. வாசல் தாண்டி ஒரு சொட்டு வராத நேரத்தில், வீட்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் கணுக்கால் அளவு. அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, கட்டிலின் மேலே நாற்காலியை ஏற்றி, ராத்திரி முழுக்க டார்ச்சோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். புத்தகம், பீரோ, கட்டில், மெத்தை, மிக்ஸி என்று எப்படியும் அறுபதாயிரம் ரூபாய்ப் பொருள் போயிற்று. அந்த ராத்திரியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது.

தண்ணீர் வடிந்த பிறகு, எங்கள் பள்ளியில் படிக்கும் ஒரு பையனின் அப்பா வந்தார். மேஸ்திரி. நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். இருபது நிமிஷத்தில் வீட்டின் கதையைச் சொல்லிவிட்டார். ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து ஹால் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். சில டைல்ஸ் கெட்டியாக 'டிக்' என்றன. பல டைல்ஸ் வெறும் டப்பாவைத் தட்டுவது மாதிரி 'டொப்' என்றன. "கீழ கலவை பரவலம்மா, நாலு மூலையில உருண்டை வெச்சு ஒட்டிட்டுப் போயிருக்கான். அந்தப் பொந்துல தண்ணி நிக்குது" என்றார். பிறகு டேப்பை எடுத்து சமையலறை மேடையை அளந்தார். 28 அங்குலம். "மேடை 32, 33 இருக்கும். நாலு அங்குலம் எங்கம்மா போச்சு?" எனக்குப் புரியவில்லை. கதவு நிலையின் உள் உயரத்தை அளந்தார். அதிலும் நாலு அங்குலம் குறைந்தது. பழைய மொசைக் தரையைக் கொத்தாமல் அதன் மேலேயே ரப்பீஷும் கான்கிரீட்டும் போட்டு உயர்த்தி, அதற்கு மேலே டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதனால்தான் மேடை தாழ்ந்தது, கதவு அறுபட்டது. வெளி முற்றத்தையும் உயர்த்தியதால் முதல் படி பாதி புதைந்தது. 2015 வெள்ளத்தில் ப்ளக் பாயின்ட்டுகள் முழுகியிருக்க வேண்டும், அதனால் மேலே ஏற்றியிருக்கிறார்கள். எதிர் வீட்டுப் பாட்டியிடம் அன்றைக்குச் சாயந்திரம் போய்க் கேட்டேன். "அந்த வீட்டுலயா? 2015-ல இடுப்பளவு தண்ணிம்மா. ரெண்டு நாள் மொட்டை மாடியிலதான் இருந்தாங்க" என்றார். ஒன்றரை வருஷம் எதிரும் புதிருமாக இருந்திருக்கிறேன். வாங்குவதற்கு முன்னால் அந்தப் பாட்டியிடம் ஐந்து நிமிஷம் பேசியிருந்தால் போதும்.

வீடு ஏன் இப்படி ஆனது என்பதற்கு அண்ணன் சொன்னது, சென்னையில் பழைய தனி வீடு பார்க்கும் யாருக்கும் பொருந்தும். எங்கள் வீடு 1998-ல் கட்டியது, அப்போது மடிப்பாக்கம் ஊராட்சி. 2011-ல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது. கட்டும்போது தெருவைவிட இரண்டடி உயரத்தில் பேஸ்மட்டம் போட்டிருக்கிறார்கள். பிறகு பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார், அதற்கும் மேலே தார் என்று ரோடு ஏறிக்கொண்டே வந்துவிட்டது. இப்போது கேட்டைத் திறந்தால் உள்ளே இறங்குகிறோம். சுற்றிலும் களிமண். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் கூப்பிடு தூரத்தில். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடும். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரி செங்கல் அந்தத் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும். பேஸ்மட்டத்தில் ஓதம் தடுக்கும் பட்டை சரியாகப் போடாவிட்டாலோ, போட்ட பட்டை மண்ணுக்குள் புதைந்துவிட்டாலோ, தடுக்க எதுவும் இல்லை. தண்ணீர் சுவரின் மேற்பரப்பில் காய்ந்துவிடும், அதில் இருந்த உப்பு தங்கிவிடும். சாதாரணமாக மூன்றடி உயரத்துக்குள் நின்றுபோகும் இந்த ஓதம், சுவரில் டைல்ஸை ஒட்டி மூடினால் காய வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். எங்கள் ஹாலில் நாலடிக்கு மேலே கொப்புளம் வந்ததற்குக் காரணம் இதுதான். மறைப்பதற்காக ஒட்டிய டைல்ஸே அதை மேலே தள்ளியிருக்கிறது.

எல்லா ஈரமும் ஒரே ஈரம் இல்லை என்பதையும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன். சுவரின் அடியில் தொடங்கி, ஏறக்குறைய ஒரே உயரத்தில் நீளமாகக் கோடு போட்ட மாதிரி கறையும் உப்பும் இருந்தால், அது தரையிலிருந்து ஏறுகிற ஓதம். பாத்ரூமை ஒட்டிய சுவரில் மட்டும் திட்டாக இருந்து, கோடையிலும் காயாமல் இருந்தால் பைப் கசிவு. குழாயெல்லாம் மூடிவிட்டு, ராத்திரி மேல்தொட்டியின் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போட்டு, காலையில் மட்டம் இறங்கியிருந்தால் தொட்டியிலிருந்து வரும் பைப் கசிகிறது. சீலிங்கில் மஞ்சள் வட்டம் என்றால் மொட்டை மாடி. பைப்பையும் மாடியையும் சில ஆயிரங்களிலிருந்து ஒரு லட்சத்துக்குள் சரிசெய்துவிடலாம் என்பது நான் பார்த்தவரை. தரையிலிருந்து ஏறுவதுதான் பணத்தைத் தின்னும்.

2024 பிப்ரவரியில் வேலை ஆரம்பித்தோம். பக்கத்துத் தெருவில் 13,000 வாடகைக்கு நாலு மாசம் இருந்தோம். டைல்ஸ், கான்கிரீட், மொசைக் மூன்றையும் உடைத்து அள்ளி, ஒரு அடி களிமண்ணையும் எடுத்தார்கள். அடியில் மண் கறுப்பாக, பிசைந்தால் உருண்டை பிடிக்கிற மாதிரி ஈரமாக இருந்தது, மாசியிலும்கூட. பெரிய ஜல்லி பரப்பி (ஜல்லிக்கு நடுவே இடைவெளி இருப்பதால் ஈரம் தொற்றி ஏற முடியாது), மேலே மணல், அதன் மேலே தடித்த பாலிதீன் ஷீட்டை ஒரு அடி ஒன்றன்மேல் ஒன்று வரும்படி விரித்து, ஓரங்களைச் சுவரில் மடித்து ஏற்றி, அதற்கு மேலே கான்கிரீட். சுவரில் நாலடிக்கு மேலும் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, அடியில் வரிசையாக ஓட்டை போட்டு ஓதம் தடுக்கும் மருந்து ஏற்றினார்கள். அதன் பிறகு உடனே பூச விடாதீர்கள். ஆறு வாரம் செங்கல்லை அப்படியே காய விட்டோம். வேலைக்கு மட்டும் 4,10,000. வாடகை 52,000. வீடு மாறப் போகவர வண்டிக்கூலி 16,000. முதலில் வீணான பெயின்ட், போன பொருள் எல்லாம் சேர்த்தால் ஐந்தே முக்கால் லட்சம். பள்ளியில் பி.எஃப். கடனும் போட்டேன். இதற்குப் பிறகும் பெரிய வெள்ளம் வந்தால் தண்ணீர் உள்ளே வரும். ஏறுகிற ஈரத்தை மட்டும்தான் தடுத்திருக்கிறோம். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கித் தருபவர்களையும் விசாரித்தேன், அவர்கள் சொன்ன தொகை என்னால் முடியாது.

விற்றவர் மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வக்கீலிடம் போனேன். 1882-ஆம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவில், விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறை ஏதாவது இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும் என்று இருக்கிறது. கட்டடக் கோளாறுக்கு ஐந்து வருஷம் பில்டர் பொறுப்பு என்று ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் சொல்வது புது வீட்டுக்குத்தான், ஒருத்தர் குடியிருந்து விற்கிற பழைய வீட்டுக்கு உதவாது. 55-ஆவது பிரிவின்படி கேஸ் போட்டாலும், அவருக்குத் தெரியும் என்று நான்தான் நிரூபிக்க வேண்டும், வருஷக்கணக்கில் இழுக்கும் என்றார் வக்கீல். விட்டுவிட்டேன். இப்போது யாராவது கேட்டால் ஒன்று சொல்வேன்: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் "வீட்டுக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறதா, ஓதம் ஏறியதுண்டா, தரையை எப்போது மாற்றினீர்கள்" என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும். அக்ரிமென்ட்டிலும் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பதில் சொல்ல மழுப்பினாலே உங்களுக்கு விஷயம் தெரிந்துவிடும். வங்கி மதிப்பீட்டாளர் வந்து பார்த்தாரே என்று நம்பி இருக்காதீர்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் கால் மணி நேரம் இருந்தார், அளந்தார், போட்டோ எடுத்தார், போய்விட்டார். கடன் தொகைக்கு வீடு ஈடாகுமா என்பதுதான் அவர் வேலை.

முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் வீடு பாருங்கள், மழை விட்ட மறுநாள் போங்கள். கோடையில்தான் பார்க்க முடியும் என்றால், தெருமுனை இஸ்திரிக்காரர், மளிகைக் கடைக்காரர், இரண்டு பக்கத்து வீடு, எல்லாரிடமும் "2015-ல் எதுவரைக்கும் தண்ணீர் வந்தது, 2023-ல் எதுவரைக்கும்" என்று கேளுங்கள். கையால் சுவரில் காட்டச் சொல்லுங்கள். ஒரு கொத்தனாரை 1,500 ரூபாய் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனால், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலில் ரோட்டின் நடுவையும் ஹால் தரையையும் வைத்து எது உயரம் என்று ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார். பெயின்ட் அடித்த சுவரைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். பெயின்ட் அடிக்க மறந்த இடங்களைப் பாருங்கள்: சுவர் அலமாரியின் கடைசித் தட்டு, மாடிப்படியின் அடி, மீட்டர் பெட்டிக்குள், பீரோவுக்குப் பின்னால். நகர்த்த முடியாது என்றால் போனில் டார்ச் போட்டு இடுக்கில் விட்டு வீடியோ எடுங்கள். பாத்ரூம் கதவு நிலைக்காலின் அடியில் வண்டிச் சாவியால் அழுத்துங்கள், உள்ளே போனால் மரம் மக்கிவிட்டது. மேடை, கதவு, ஜன்னல் அடி, முதல் படி, நாலையும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஈரம் காட்டும் மீட்டர் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கிறது. உப்பு ஏறிய சுவரில் அது கூடுதலாகக் காட்டும், டைல்ஸ் மேல் வைத்தால் பிரயோஜனமில்லை. நல்ல சுவரையும் சந்தேகப்படும் சுவரையும் ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளலாம். விற்பவர் ஒத்துக்கொண்டால், தரையில் ஒரு முழம் பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டிவிட்டு மறுநாள் வந்து பிரித்துப் பாருங்கள். டைல்ஸ் சேரும் கோட்டின் மேலே ஒட்ட வேண்டும், டைல்ஸ் நடுவில் ஒட்டினால் ஒன்றும் தெரியாது. அடியில் வேர்த்திருந்தால் கீழே ஈரம் இருக்கிறது.

இப்போது இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது. ஹாலும் அம்மாவின் அறையும் காய்ந்திருக்கின்றன. சமையலறையின் வடக்குச் சுவரில் மட்டும் தை, மாசியில் இன்னும் கொஞ்சம் உப்பு பூக்கிறது. செங்கல்லுக்குள் இத்தனை வருஷம் ஏறிய உப்பு வெளியே வர நாளாகும், ஈரத் துணியால் துடைத்தால் கரைந்து திரும்ப உள்ளேயே போய்விடும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். அதனால் அம்மா அந்தச் சுவரோரம் பழைய பேப்பரை விரித்து, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பழைய வெள்ளையடிக்கிற பிரஷ்ஷால் உலர்வாகவே தட்டி எடுக்கிறாள். போன வருஷம் தட்டியபோது ஒரு பெரிய டம்ளர் நிறைய உப்பு வந்தது. இந்த வருஷம் கால் டம்ளர்கூட இல்லை.